பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமா? வேணாம் பாஸ்!

‘‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேய்ய்...’’

இந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை உண்டா? ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைப் பார்த்து, ‘இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்’னு நண்பனைக் கலாய்க்காத கல்லூரி உண்டா? அந்தத் தள்ளுவண்டி வந்ததும் வீட்டுப் பரண்மேல் கிடந்த சட்டி, கல், கரண்டி எல்லாம் கீழே இறங்கும். கைநிறையப் பழம் வரும். எல்லோருக்கும் ஹேப்பி.

இப்போ கொஞ்சம் ரிவைண்ட் பண்ணிப் பாருங்க. ஹாஸ்டல் மெடிக்கல் செக்கப்பில் ‘ஹீமோகுளோபின் கம்மி’ன்னு ரிசல்ட் வந்தா, முதல் அட்வைஸ் என்ன? ‘பேரீச்சம்பழம் சாப்பிடும்மா, அதுல இரும்புச்சத்து நிறைய இருக்கு!’

ஆக, அடுப்பில் இருந்த இரும்பைக் கொடுத்துட்டு, உடம்புக்கு இரும்பு வேணும்னு பழம் வாங்கியிருக்கோம். அதுலயும் ஒரு ட்விஸ்ட். அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 1 மில்லிகிராம்தான். நம்ம நாட்டு ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கணக்குப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒருநாளைக்கு 29 மில்லிகிராம் வேணும். ஆணுக்கு 19. பழத்தை மட்டும் நம்பினா, நாள் முழுக்கக் கொட்டை துப்பிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்!

இந்த ஞானோதயம் எனக்கு வந்தது ஆத்தூரில். சேலம் ஆத்தூர் இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போற ரோட்டில், தாமிரபரணி கடலைப் பார்க்கப் போகிற அவசரத்தில் தாண்டிப் போகுமே, அந்த ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர் போன ஊர். 2023-ல் ‘ஆத்தூர் வெற்றிலை’க்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. அங்கே என் தோழி ஒருத்தியின் ஆச்சி வீட்டில், கறுகறுன்னு ஒரு தோசைக்கல் இருக்கு. இந்தக் கட்டுரையின் ஹீரோ அந்தக் கல்தான்.

வெள்ளத்துக்குத் தப்பிய கல்

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்க யாருக்கும் மறக்காத தேதி. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை சுமார் 95 சென்டிமீட்டர். பல ஊருக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுற மழை! தாமிரபரணி கரையை மறந்துருச்சு. ஏரல், ஆத்தூர், முக்காணின்னு வழியெங்கும் தண்ணி.

தண்ணி வடிஞ்ச பிறகு தோழி வீட்டு வாசலில் கிடந்தவை: மிக்ஸி, கிரைண்டர், மெத்தை, டி.வி., ஃபைல் ஃபைலா சர்டிஃபிகேட். எல்லாத்தின் மேலயும் சேறு. ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ளேயிருந்து ஒரு வாளி ஆத்துத்தண்ணி. ‘போச்சு... எல்லாம் போச்சு’ன்னு அம்மா உட்கார்ந்துட்டாங்க.

சமையல்கட்டு மூலையில் சேத்துக்குள்ள ஆச்சியின் தோசைக்கல்லும், பணியாரக்கல்லும், வாணலியும் கிடந்திருக்கு. ரெண்டு நாள்ல மூணும் செங்கல் நிறத்துக்கு மாறிடுச்சு. துருன்னா துரு, அப்படி ஒரு துரு. பழைய இரும்பு எடுக்கிற வண்டி தெருவுக்குள்ள வந்ததும், அம்மா மூணையும் தூக்கி வாசலில் வெச்சுட்டாங்க.

ஆச்சி சொன்னது ஒரே வரி: ‘‘ஏட்டி, மிக்ஸி செத்துப்போச்சு, அதத் தூக்கிப் போடு. இது சாகல. சேத்தக் கழுவு மொதல்ல.’’

தோழி கழுவினாள். ஒரு வாரத்தில் அந்தக் கல்லில் தோசை வார்த்தாங்க. எல்லாச் சாமானும் புதுசா வாங்க வேண்டியிருந்த வீட்டில், அடுப்படியில் காசு செலவில்லாமல் உயிர்பிழைச்சு வந்தது அந்த மூணு இரும்பு மட்டும்தான்!

அது எப்படி சாத்தியம்? அதில்தான் கெமிஸ்ட்ரி லேபும் ஆச்சியின் அடுப்படியும் கைகுலுக்குது.

துருவுக்குக் கீழே இருக்கு தோசை

இரும்பு, ஆக்சிஜன், தண்ணி மூணும் சேர்ந்தா துரு. உப்பும் சேர்ந்தா துருவுக்குக் கொண்டாட்டம். ஆறுமுகநேரி, பழையகாயல், தூத்துக்குடின்னு பார்க்கிற இடமெல்லாம் உப்பளம்; அடிக்கிற காத்துலயே உப்பு. அதனால நம்ம கரையோரத்தில் இரும்புச் சாமான் வெச்சிருக்கிறவங்க மதுரைக்காரங்களைவிட ரெண்டு மடங்கு உஷாரா இருக்கணும்.

ஆனா கனமான கல்லில் துரு பிடிக்கிறது மேல்தோலில்தான். சுரண்டினா உள்ளே பழைய இரும்பு பத்திரமா இருக்கும். ஓட்டை விழுந்திருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ மட்டும் விட்டுடலாம். மத்ததெல்லாம் மீட்கலாம். எப்படி?

முதல்ல தேங்காய் நாரும் செங்கல் பொடியும். துரு போகிறவரைக்கும் தேய்க்கணும். ஜிம்முக்குப் போக வேண்டாம், அன்னிக்கு ஆர்ம்ஸ் ஒர்க்-அவுட் இதுலயே முடிஞ்சுரும்.

அப்புறமும் போகாத இடத்துக்குப் புளிக்கரைசல். இல்லேன்னா பாதிக்குப் பாதி தண்ணி கலந்த வினிகர். அரைமணி நேரம் ஊறினாப் போதும். ராத்திரி முழுக்க ஊறவெச்சா, துருவைத் தின்னு முடிச்ச அமிலம் அடுத்து இரும்பையே தின்ன ஆரம்பிச்சுரும். புளிச்ச வடிகஞ்சியில் ஊறப்போடுறது பழைய முறை. அதுவும் இதே லாஜிக்தான்: புளிப்புன்னா அமிலம்.

நல்லாக் கழுவினதும் துணியால துடைச்சு, உடனே அடுப்பில் வைக்கணும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு காயப்போட்டுட்டு சீரியல் பார்க்கப் போனா, இடைவேளைக்குள்ள துரு திரும்ப வந்துரும்.

இப்போதான் மெயின் சீன். சூடான கல்லில் துளி நல்லெண்ணெயோ, கடலை எண்ணெயோ விட்டுத் துணியால் தேய்க்கணும். தேய்ச்ச எண்ணெயை, ‘ஐயோ தெரியாமத் தடவிட்டேனே’ன்னு திரும்ப எடுக்கிற மாதிரி அழுத்தித் துடைக்கணும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான படலம்தான் மிச்சம் இருக்கணும். அப்புறம் ஜன்னலைத் திறந்துவெச்சு, புகை வந்து அடங்குற வரைக்கும் சூடு. ஆறவிட்டு மறுபடி. இப்படி 4 தடவை.

இதைத்தான் ‘கல்லைப் பழக்குறது’ன்னு ஆச்சிகள் சொல்றாங்க. ஆங்கிலத்தில் ‘சீசனிங்’. நடக்கிறது என்னன்னா, சூட்டில் எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகள் ஆக்சிஜனோட சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு கை கோத்து, கெட்டியான கறுப்புப் படலமா மாறுது. பாலிமரைசேஷன், பாஸ்! செமஸ்டர்ல 5 மார்க் கேள்வி. புத்தகத்தில் படிச்சப்போ புரியாதவங்க ஆத்தூர் அடுப்படியில் வந்து பார்த்தா புரிஞ்சுரும். எண்ணெயை அள்ளி ஊத்தினா படலம் ஆகாது. பிசுபிசுன்னு பசைதான் ஆகும். புதுசா முயற்சி பண்றவங்க எல்லாரும் சறுக்குற இடம் இதுதான்.

கடைசியா, அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு கல்லு முழுக்கத் தேய்ச்சு, முதல் ரெண்டு தோசையைக் காக்காவுக்கு வெச்சா, மூணாவது தோசை ‘சர்ர்’ருன்னு கழண்டு வரும்.

அடிச்சதா... வார்த்ததா?

‘இரும்புச் சட்டி’ன்னு நாம ஒரே பேரில் கூப்பிட்டாலும் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, கொல்லர் பட்டறையில் அடிச்சோ, தகட்டை அழுத்தியோ செய்யுறது. மெல்லிசா, லேசா இருக்கும். கீழே விழுந்தா நெளியும். தாளிப்புக் கரண்டி, சாதா வாணலி எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இன்னொண்ணு வார்ப்பிரும்பு. இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊத்தி எடுக்கிறது. கனமா, சொரசொரன்னு இருக்கும். கீழே விழுந்தா நெளியாது, உடையும்! காரணம், அதில் இருக்கிற 2 முதல் 4 சதவிகிதம் கார்பன். அந்தக் கார்பன்தான் இரும்பைச் சீக்கிரம் உருக வைக்குது. சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேணும். வார்ப்பிரும்புக்குச் சுமார் 1,150 முதல் 1,200 டிகிரி போதும்.

சீனாக்காரங்க கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னாடியே வார்ப்பிரும்பில் கில்லாடிகள். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பிங்கிறவர் 1707-ல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கக் காப்புரிமை வாங்கினார். அதுக்கப்புறம் அங்கே இரும்புச் சட்டி சாமானியர் வீட்டுக்கும் வந்தது. அமெரிக்காவில் 1896-ல் ஆரம்பிச்ச ‘லாட்ஜ்’ கம்பெனி இன்னிக்கும் சட்டி வார்க்குது. 1957-ல் மூடப்பட்ட ‘கிரிஸ்வோல்ட்’ கம்பெனியின் பழைய சட்டிகளை அங்கே தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிற கூட்டமே இருக்கு. ஏன்னா, அந்தக் காலச் சட்டிகளை வார்த்த பிறகு வழவழன்னு கடைஞ்சு கொடுத்தாங்க. இன்னிக்கு வர்ற பல சட்டிகள் மணல் சொரசொரப்போடவே வருது.

நம்ம ஊரில் அந்த வேலையைக் கடைசல் மெஷின் பண்ணலை, கரண்டிதான் பண்ணுச்சு! தினமும் தோசைத்திருப்பி உரசி உரசி வழவழப்பான ஆச்சி வீட்டுக் கல்லை நீங்க எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. அது 30, 40 வருஷத்து உழைப்பு.

இன்னிக்குக் கோயம்புத்தூர் பக்கம் மோட்டார் பம்ப் உறுப்புகளை வார்க்கிற ஃபவுண்டரிகள் நிறைய. அதே தொழில்நுட்பத்தில் தோசைக்கல், பணியாரக்கல், கடாய்னு வார்த்து, முன்னாடியே எண்ணெய் பழக்கிக் கடைக்கு அனுப்புறாங்க. ‘ப்ரீ-சீசன்டு’ன்னு அட்டையில் போட்டிருக்கும். லாட்ஜ் கம்பெனி 2002-ல் இதைத் தொடங்கினப்போ அமெரிக்காவுக்கே புதுசு. புதுக்கல் வாங்கினாலும் வீட்டில் ரெண்டு தடவை பழக்கிட்டு ஆரம்பிங்க. அதுக்கும் நமக்கும் அறிமுகம் வேணுமில்ல?

ஏன் அந்தத் தோசை அவ்வளவு முறுகல்?

‘இரும்பு சூட்டைச் சமமாப் பரப்பும்’னு பலர் சொல்வாங்க. உண்மையில் உல்டா! அலுமினியம் இரும்பைவிடச் சுமார் 4 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். இரும்பு மந்தம். பெரிய கல்லைச் சின்ன அடுப்பில் வெச்சா நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. அதனாலதான் ஆச்சி கல்லைச் சின்னத் தீயில் பத்து நிமிஷம் போட்டு வைக்குது.

இரும்பின் உண்மையான பலம், பிடிச்ச சூட்டை விடாத பிடிவாதம். ஒரே கன அளவுள்ள ரெண்டு கல்லை எடுத்துக்கிட்டா, அலுமினியத்தைவிட இரும்பு மூணில் ஒரு பங்கு அதிகமா சூட்டைத் தேக்கி வைக்கும். கல் தடிமனாவும் இருந்தா கேட்கவே வேண்டாம். குளிர்ந்த மாவை ஊத்தினதும் மெல்லிசான தவா ஜில்லுனு ஆகி முழிக்கும், இரும்புக்கல் ‘அவ்வளவுதானா?’ன்னு கேட்கும். அடுத்த விநாடியே முறுகல் ஆரம்பம். ராத்திரிக் கடையில் பரோட்டா மாஸ்டர் வரிசையா பத்து பரோட்டாவைப் போட்டாலும் கல் சூடு இறங்காம இருக்கிற ரகசியமும் இதே தடிமன்தான்.

நான்-ஸ்டிக் மோசமான்னு கேட்டா, அதுக்கு ஒரு வேலை, இதுக்கு ஒரு வேலை. டெஃப்லான் பூச்சு 260 டிகிரிக்கு மேல சூடானா சிதைய ஆரம்பிக்கும்; கீறல் விழுந்தா ஆயுசு முடிஞ்சது. இரும்புக்குக் கீறல் விழுந்தா மறுபடி எண்ணெய் தடவினாப் போதும். ஒண்ணு யூஸ் அண்ட் த்ரோ. இன்னொண்ணு ஆச்சி சொத்து.

ஆத்தூர் மெனு... வயிறு நிறைய!

அந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதை அப்படியே தர்றேன். டயட்டில் இருக்கிறவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

காலையில் உளுந்தங்களி: தோலோட இருக்கிற கறுப்பு உளுந்து 1 கப், பச்சரிசி கால் கப். வாணலியில் வாசம் வர வறுத்து மாவா அரைச்சுக்கணும். ஒன்றரைக் கப் தட்டின கருப்பட்டியை 3 கப் தண்ணியில் கரைச்சு வடிகட்டி ஆறவெச்சு, மாவைக் கட்டியில்லாமல் கலக்கணும். கருப்பட்டி உடன்குடிச் சரக்குன்னா ஸ்பெஷல். அப்புறம் இரும்பு வாணலியில் ஊத்தி, சின்னத் தீயில் கிண்டு... கிண்டு... கிண்டிக்கிட்டே இரு. நடுநடுவே நல்லெண்ணெய், மொத்தம் கால் கப். ஈரக்கையால் தொட்டா ஒட்டாத பதத்தில் இறக்கணும். பெண்பிள்ளை வயசுக்கு வந்தா தெற்கத்தி வீடுகளில் நாள் தவறாமக் கொடுக்கிற பண்டம் இது. ‘ஏன் பொண்ணுக்கு மட்டும்?’னு தோழியின் தம்பி ரெண்டு உருண்டை எக்ஸ்ட்ரா தின்னான்.

மதியம் சாளைமீன் வறுவல்: சாளைன்னா மத்தி. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு, கொஞ்சம் மிளகு தடவி அரைமணி. கல் நல்லாச் சூடானதும் எண்ணெய் விட்டு மீனைப் போட்டா... ஒட்டும்! பயப்படாதீங்க. உடனே திருப்பக் கூடாது. 3, 4 நிமிஷம் விட்டா அடிப்பக்கம் முறுகி, மீன் தானே கல்லை விட்டுக் கொடுக்கும். அவசரப்பட்டுத் திருப்பினா வறுவல் வராது, புட்டுதான் வரும்.

புட்டுன்னதும் ஞாபகம், சுறாப்புட்டு: வேகவெச்சுத் தோல் நீக்கி உதிர்த்த சுறா, அதைவிடக் கொஞ்சம் குறைவா சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. இரும்பு வாணலியில் நல்லெண்ணெய் விட்டு வதக்கி, மீனைப் போட்டு ஈரம் வத்துற வரைக்கும் பிரட்டி, மேலே மிளகுத்தூள். சோறு எவ்வளவு போட்டாலும் காலி.

கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். இறக்கித் தட்டில் போட்ட பிறகு அரை மூடி எலுமிச்சை. எலுமிச்சையைச் சட்டியில் பிழியாதீங்க, தட்டில் பிழிங்க. காரணம் பின்னாடி.

சாயங்காலம் பணியாரக்கல்லில் இனிப்பு ஒரு ஈடு, காரம் ஒரு ஈடு.

இவ்வளவும் இரும்பில். ஆனா மீன்குழம்பு மட்டும் மண்சட்டியில்! ‘ஏன் ஆச்சி இரும்புல வைக்கல?’ன்னு கேட்டேன். ‘‘புளி ஊத்தினா சட்டியும் கெடும், கொழம்பும் கெடும்’’னு பதில் வந்தது. கரெக்ட். புளி, தக்காளி, மோர் எல்லாம் அமிலம். ரொம்ப நேரம் கொதிச்சா பழக்கின படலம் உரியும். குழம்பில் இரும்பு வாடை ஏறும். வாழைப்பூவை இரும்பில் வதக்கினா கறுத்துப் போறதைப் பார்த்திருப்பீங்க. துவர்ப்பில் இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்தா மை மாதிரிக் கறுப்பு வரும். பழங்காலத்தில் எழுதுற மையே இப்படித்தான் காய்ச்சினாங்க. சாப்பிட்டா ஆபத்தில்லை, பார்க்கத்தான் சகிக்காது.

சட்டியிலிருந்து ரத்தத்துக்கு!

சீரியஸ் மேட்டருக்கு வருவோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 5-வது சுற்று 2019-21-ல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57 சதவிகிதம். அதாவது உங்க கிளாஸில் கேர்ள்ஸ் பெஞ்ச் எல்லாத்துலயும் ரெண்டில் ஒருத்தர். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே. படியேறினா மூச்சு வாங்கும், மதியம் கிளாஸில் தூக்கம் வரும், முடி கொட்டும், படிச்சது மனசில் நிக்காது. நாம இதுக்கெல்லாம் ‘போர் லெக்சர்’, ‘ஹாஸ்டல் தண்ணி’ன்னு பழியைப் போட்டுட்டுப் போயிடுறோம். மேலே மேக்கப் சூப்பர். உள்ளே வடிவேலுவோட பேஸ்மென்ட் கதைதான்.

இரும்புச்சட்டி இதுக்கு உதவுமா? சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 வகை உணவுகளை இரும்புச்சட்டியில் சமைச்சு அளந்தாங்க. ஆப்பிள் கூழில் 100 கிராமுக்கு 0.35 மில்லிகிராமா இருந்த இரும்பு, 7.38 ஆச்சு! தக்காளி சாஸில் 0.61 இருந்தது 5.77 ஆச்சு. புளிப்பும், ஈரமும், அடுப்பில் இருக்கிற நேரமும் கூடக்கூட இரும்பு அதிகமா இறங்குது. புதுச்சட்டி அதிகமா விடும். நல்லாப் பழகின சட்டி குறைவா விடும்.

‘இறங்கினா சரி, உடம்பில் ஏறுதா?’ அதுக்கும் பதில் இருக்கு. எத்தியோப்பியாவில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகள் உள்ள 400-க்கும் மேற்பட்ட வீடுகளில் பாதிக்கு இரும்புப் பானையும் பாதிக்கு அலுமினியப் பானையும் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தாங்க. இரும்புப் பானை வீட்டுக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் 1.7 கிராம் கூடியிருந்தது. அலுமினிய வீடுகளில் 0.4 மட்டும். இது 1999-ல் ‘லேன்செட்’ மருத்துவ இதழில் வந்தது.

அதுக்காக, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு தோசைக்கல்லைக் கட்டிப்பிடிச்சுக்காதீங்க. சட்டி மருந்து இல்லை, துணை மட்டும்தான். ரெண்டு தோசை சுடுற நேரத்தில் இறங்குற இரும்பு கொஞ்சம். கிண்டிக் கிளறுற களி, கூட்டு, கீரைக்குத்தான் கொஞ்சம் அதிகம். இந்த வகை இரும்பை உடம்பு சீக்கிரம் வாங்கிக்காது. வைட்டமின் சி கூட இருந்தா வாங்கிக்கும். தட்டில் பிழிஞ்ச எலுமிச்சை இப்போ புரியுதா? சாப்பிட்ட கையோட டீ, காபி குடிச்சா அதில் இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. தலசீமியா மாதிரி, உடம்பில் இரும்பு தேங்குற பிரச்னை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இரும்புச்சட்டிக்கு மாற வேண்டாம்.

5,300 வருஷத்து அக்கம்பக்கம்

இந்த ஆற்றங்கரைக்கு இரும்பு புதுசு இல்லை. ஆத்தூரிலிருந்து தாமிரபரணிக் கரையோட மேலே போனா ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர். 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டினப்போ, தாழிகளோட வாள், ஈட்டின்னு இரும்புப் பொருட்கள் நிறையக் கிடைச்சது. பக்கத்திலேயே சிவகளை. அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி எடுத்த தாழிகளில் இரும்போட சேர்ந்து கிடைச்ச கரி மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பினாங்க. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 3345-ன்னு வந்தது. 2025 ஜனவரி 23-ம் தேதி ‘இரும்பின் தொன்மை’ங்கிற அறிக்கையா இது வெளியானப்போ உலகமே திரும்பிப் பார்த்தது. இன்னும் சான்றுகள் வேணும்னு வாதம் பண்ற அறிஞர்களும் உண்டு. வாதம் நடக்கட்டும்.

சிவகளை இரும்புக்கும் ஆச்சியின் வார்ப்புக் கல்லுக்கும் தொழில்நுட்பம் வேற, காலம் வேற. ஆனா, 5,300 வருஷத்துக்கும் மேல இரும்பைப் புழங்கியிருக்கலாம்னு பேசப்படுற ஒரு கரையில் உட்கார்ந்துக்கிட்டு, வீட்டில் இருக்கிற கடைசி இரும்புச்சட்டியைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போடுறோமே, அது கொஞ்சம் உறுத்தலா இல்லை?

ஹாஸ்டல் வாசிகள் கவனிக்க!

‘நாங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம், எங்களுக்கென்ன?’ன்னு கேட்கிற பேச்சிலர்களுக்கு:

* லீவில் ஊருக்குப் போனதும் முதல் வேலை, பரணைப் பாருங்க. உங்க ஆச்சி, பாட்டி, அப்பத்தா யாரோ ஒருத்தரின் கல் அங்கே தூங்கிக்கிட்டு இருக்கும். பழைய இரும்புக் கடையிலும் தேடலாம். தரையில் வெச்சு ஆடுதா, விரிசல் இருக்கான்னு பாருங்க. எதுக்குப் பயன்பட்டதுன்னே தெரியாத சட்டி வேண்டாம். பெயின்ட், ஈயம் உருக்கினதாக்கூட இருக்கலாம்.

* இண்டக்‌ஷன் அடுப்பில் சும்மா அலுமினியச் சட்டி வேலை செய்யாது. காந்தம் ஒட்டுற இரும்பு ஜோரா வேலை செய்யும். அடி தட்டையா இருக்கணும். எடுத்த எடுப்பில் ஃபுல் பவர் வெச்சா வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், குறைவில் ஆரம்பிங்க. கண்ணாடி மேல இழுக்காதீங்க, தூக்கி வைங்க.

* சூடான கல்லில் பச்சைத்தண்ணியை ஊத்தாதீங்க. ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் சூப்பரா இருக்கும். கூடவே ‘டக்’னு ஒரு சத்தமும் வரலாம்!

* கழுவ வெந்நீரும் நாரும் போதும். பிசுக்கு இருந்தா துளி சோப்புத் திரவம் பரவாயில்லை. படலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. சபீனாவும் கம்பிநாரும் போட்டு வீரத்தைக் காட்ட வேண்டாம். சிங்க்கில் ஊறப்போடவே கூடாது.

* கழுவினதும் அடுப்பில் காயவெச்சு, ஒரு துளி எண்ணெய் தடவி வைங்க. கடற்கரை ஊர்க்காரங்க பழைய காட்டன் துணியில் சுத்தி வைங்க. சமைச்சதை ராத்திரி முழுக்க அதிலேயே விடாம வேற பாத்திரத்துக்கு மாத்துங்க.

* முதல் பத்து நாள் எண்ணெய்ச் சமையல் மட்டும். வடை, பூரி, வறுவல். கல் உங்ககிட்டப் பழகணும்னா இப்படித்தான் ஐஸ் வைக்கணும்.

சாயங்காலம் பணியாரம் வெந்துக்கிட்டு இருந்தப்போ தெருவில் அதே குரல்: ‘‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு...’’

தோழியின் அம்மா அடுப்பை ஒரு பார்வை பார்த்தாங்க. ஆச்சி அம்மாவை ஒரு பார்வை பார்த்தது. தோழி எழுந்து போய், வாசலில் இன்னும் கிடந்த வெள்ளத்தில் செத்த மிக்ஸியைத் தூக்கிக் கொடுத்தாள். கால் கிலோ பேரீச்சம்பழம் கிடைச்சது. கொட்டையை எடுத்துட்டு, நறுக்கி, அடுத்த ஈட்டுப் பணியார மாவில் போட்டோம்.

இரும்பும் இருக்கு, பழமும் இருக்கு. அந்தப் பணியாரத்துக்கு ருசி கொஞ்சம் கூடத்தான் பாஸ்!